நான் மாற்றிய ஒரு சொல்

மாதம் ஒருமுறை பத்துப் பன்னிரண்டு பேர் கூடிச் சங்கப் பாடல்கள் படிக்கிறோம். முறை வைத்து ஒருவர் ஒரு பாடலைத் தேர்ந்தெடுத்து, மேலே மூலமும் கீழே எளிய உரைநடையுமாக ஒரு தாளில் அச்செடுத்து வர வேண்டும். என் முறை வந்தபோது புறநானூற்றின் 235ஆம் பாடலை எடுத்துக்கொண்டேன். அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபின் ஔவையார் பாடியது. ‘சிறியகட் பெறினே எமக்கீயும் மன்னே’ என்று தொடங்குவது. பலமுறை படித்த பாட்டு என்ற தெம்பில் உரைநடையை அரை மணி நேரத்தில் எழுதி முடித்துவிட்டேன். அந்த அரை மணி நேரத்தைத்தான் மூன்று மாதமாகச் சுமந்துகொண்டிருக்கிறேன்.

பாட்டின் நடுவே இந்த இரண்டு அடிகள் வருகின்றன:

நரந்தம் நாறும் தன்கையால்
புலவு நாறும் என்தலை தைவரும் மன்னே!

நரந்தம் ஒரு நறுமணப் பொருள்; புலவு என்பது இறைச்சி, மீன் வாடை. கீழே நான் எழுதியிருந்தது: ‘நரந்தம் மணக்கும் தன் கையால், புலால் நாறும் என் தலையைத் தடவிக் கொடுப்பான், அது போயிற்று.’ படித்து முடித்துவிட்டு, புரவலன் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று நாலு வார்த்தை பேசினேன். எளியவளின் தலையையும் அருவருக்காமல் தொட்டவன் என்ற வழக்கமான பாராட்டு. எல்லோரும் தலையாட்டினார்கள். பின்வரிசையில், அதுவரை எந்தக் கூட்டத்திலும் வாய் திறந்திராத ஓர் அம்மா, தாளைக் கையில் பிடித்தபடியே கேட்டார்: “சார், மேலே இரண்டு இடத்திலும் ‘நாறும்’ என்றுதானே இருக்கிறது? கீழே அரசனுக்கு மட்டும் ஏன் ‘மணக்கும்’ என்று மாற்றிவிட்டீர்கள்?”

எனக்குப் பதில் தெரியும் என்றுதான் நினைத்தேன். “அந்தச் சொல்லுக்கு இன்றைக்குப் பொருள் மாறிவிட்டது அம்மா. அரசனுடைய கை நாறும் என்று எழுதினால் தப்பாகப் புரிந்துகொள்வார்கள்” என்றேன். “சரிதான் சார். ஔவையாருடைய தலையைத் தப்பாகப் புரிந்துகொண்டால் மட்டும் பரவாயில்லையா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு அடுத்த அடிக்குப் போய்விட்டேன். கேள்வி என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது.

சொல் இறங்கிய படிகள்

வந்ததும் முதலில் செய்தது என்னை நியாயப்படுத்திக்கொள்ளும் வேலைதான். ‘நாற்றம்’ என்ற சொல் கீழே இறங்கியது என் குற்றமா என்ன? வள்ளுவர் ஐம்புலன்களின் வகையைச் சொல்லும்போது ‘சுவைஒளி ஊறுஓசை நாற்றம்’ என்று கூச்சமே இல்லாமல் அடுக்குகிறார். காதலியின் புன்னகைக்குள் ஒளிந்திருக்கும் குறிப்பைச் சொல்ல அவருக்குக் கிடைத்த உவமை, மொட்டுக்குள் அடங்கியிருக்கும் மணம். ‘முகைமொக்குள் உள்ளது நாற்றம்போல் பேதை நகைமொக்குள் உள்ளதொன் றுண்டு’ என்பது குறள். இன்னொரு குறளில் அவளுக்கு ‘வெறிநாற்றம்’ என்று சூட்டுகிறார். அங்கே வெறி என்றாலே நறுமணம்தான். இன்றைக்கு ஒருவர் தம் காதலியிடம் அந்தப் பாராட்டை அப்படியே சொல்லிப் பார்க்கலாம். விளைவுக்கு வள்ளுவர் பொறுப்பில்லை. கற்றதை எடுத்துரைக்கத் தெரியாதவனைக் கொத்தாகப் பூத்தும் ‘நாறா மலர்’ என்று அவர் குறை சொல்கிறார். இன்றைய காதுக்கு அதில் குறையே தெரியாது. நாறாமல் இருப்பது நல்லதுதானே என்று தோன்றும்.

ஆண்டாளின் ‘கருப்பூரம் நாறுமோ கமலப்பூ நாறுமோ’ மட்டும் எப்படியோ தப்பிவிட்டது. அதைக் கேட்டு யாரும் சிரித்து நான் பார்த்ததில்லை. பாடப்படுவதால் இருக்கலாம், இசை கூட வந்தால் சொல்லுக்கு ஒரு கவசம் கிடைத்துவிடுகிறது. திருப்பாவையின் ‘நாற்றத் துழாய்முடி நாராயணன்’ கதையும் அதுவே. வெறும் தாளில் அச்சாகி மேசைமேல் கிடக்கும் சங்கப் பாடலுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. எங்கள் கூட்டத்திலேயே ‘ஆம்பல் நாறும் வாய்’ என்று ஒருவர் படித்தபோது இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். மலையாளத்திலும் நாற்றம் இப்படியே இறங்கிவிட்டது. அங்கும் மணம்தான் மேலே நிற்கிறது.

அகராதியைப் புரட்டியபோது வேறொன்று கண்ணில் பட்டது. நாறுதல் என்பதற்குத் தோன்றுதல், முளைத்தல் என்றும் பொருள். வயலில் நடுகிற நாற்றும் அந்தக் குடும்பம்தான். உள்ளே இருப்பது வெளியே வருவதுதான் நாறுவது. வந்தது நல்லதா கெட்டதா என்ற பேச்சு அந்தச் சொல்லுக்குள் இல்லை. விதை மண்ணுக்கு வெளியே வந்தாலும், மணம் மொட்டுக்கு வெளியே வந்தாலும், புலவு உடலுக்கு வெளியே வந்தாலும் ஒரே வினைச்சொல். பிற்காலத்தில் நாம் அதற்குள் ஒரு தீர்ப்பை ஏற்றிவிட்டோம். மொழி மாறுவது இயல்பு, அதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. என்னை உறுத்தியது வேறு. தீர்ப்பில்லாமல் இரண்டு முறை வந்த ஒரு சொல்லை, நான் ஒருமுறை திருத்தியும் ஒருமுறை திருத்தாமலும் விட்டிருந்தேன். திருத்தியது அரசனுக்கு.

பூ அங்கே இருக்கிறதா, இல்லையா?

சரி, ‘நாறும்’ கவிதையில் என்னதான் செய்கிறது என்று பார்க்க ஆரம்பித்தேன். குறுந்தொகையின் 300ஆம் பாடல் ‘குவளை நாறும் குவைஇருங் கூந்தல், ஆம்பல் நாறும் தேம்பொதி துவர்வாய்’ என்று தொடங்குகிறது. இரண்டும் ஒரே வாய்பாடு. ஆனால் கூந்தலில் குவளையைச் சூடியிருக்கலாம். வாயில் யாரும் ஆம்பலை வைத்துக்கொள்வதில்லை. முதல் தொடரில் பூ உண்மையிலேயே அங்கே இருக்கலாம், இரண்டாவதில் இருக்க முடியாது. ‘போல’ என்று ஓர் உருபு வந்திருந்தால் குழப்பமே இல்லை. வரவில்லை. ‘நாறும்’ என்ற ஒரே சொல், இருக்கிற பூவுக்கும் இல்லாத பூவுக்கும் நடுவே கதவைத் திறந்தே வைத்திருக்கிறது.

இப்படிப் பார்த்தபோது, நாம் எல்லோரும் அலுக்கும்வரை கேட்ட அந்தப் பெருஞ்சண்டைகூட எனக்குக் கொஞ்சம் வேறாகத் தெரிந்தது. கூந்தலுக்கு மணம் இயற்கையா செயற்கையா என்ற பாண்டியனின் ஐயம், தமிழில் இந்த மாதிரித் தொடர்களைக் கேட்டு வளர்ந்த எவருக்கும் வரக்கூடியதுதான். பூவைச் சூடியதால் நாறுகிறதா, சூடாமலே பூவாக நாறுகிறதா? இலக்கணம் சொல்லாமல் விட்டதைக் கதை விசாரிக்கிறது. நக்கீரர் செயற்கை என்கிறார், அதோடு நெற்றிக்கண் வரை போய்விடுகிறது விவகாரம். ஆனால் சண்டைக்குக் காரணமான ‘கொங்குதேர் வாழ்க்கை’ பாட்டு எதையும் சாதிக்கவில்லை. அது ஒரு தும்பியைக் கேட்கிறது. ‘கூந்தலின் நறியவும் உளவோ நீஅறியும் பூவே?’ பூப்பூவாகத் திரிவதையே வாழ்க்கையாகக் கொண்ட வண்டைவிட இந்த விஷயத்தில் யாருக்குத் தெரியும்? எனக்குப் பிடித்தது அதற்கு முன்னால் வரும் நிபந்தனை: ‘காமம் செப்பாது கண்டது மொழிமோ.’ எனக்குப் பிடித்ததைச் சொல்லாதே, நீ கண்டதைச் சொல். மணத்தைப் பற்றிய கேள்வியில் மூக்கின் சாட்சியத்துக்கு ‘கண்டது’ என்று பெயர். காதலன் தன் மூக்கை நம்பவில்லை, அதில் காமம் கலந்திருக்கிறது என்று அவனுக்கே தெரிகிறது. சங்கப்பலகையில் உட்கார்ந்திருந்த யாருக்கும் அந்த அடக்கம் இருந்ததாகக் கதை சொல்லவில்லை.

மணத்துக்கென்று சொந்தப் பெயர்கள் இல்லாததும் இதற்கு ஒரு காரணம். நிறத்துக்குச் சிவப்பு, கறுப்பு என்று பெயர்கள் உண்டு; சுவைக்குப் புளிப்பு, கசப்பு உண்டு. மணத்துக்கு? உடையவனின் பெயரைத்தான் கடன் வாங்க வேண்டும்: மல்லிகை மணம், மண் மணம், புகை மணம். நன்னூல் பொருள்களின் குணங்களை எண்ணும்போது ‘பல்வகை வடிவு இருநாற்றம் ஐவண்ணம் அறுசுவை’ என்று போகிறது. நிறம் ஐந்து, சுவை ஆறு, நாற்றம் இரண்டே இரண்டு: நல்லது, தீயது. ஆனால் கவனியுங்கள், நன்னூலை எழுதிய பவணந்திக்கு இரண்டுமே நாற்றம்தான். ஒன்றுக்கு மட்டும் அந்தப் பெயரைக் கொடுத்து மற்றதைக் காப்பாற்றும் வேலையை அவர் செய்யவில்லை.

மூக்கும் அதைச் செய்வதில்லை. மணமுணரும் ஏற்பிகளைக் கண்டறிந்ததற்காக 2004இல் ரிச்சர்ட் ஆக்சல், லிண்டா பக் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. மனித மூக்கில் ஏறக்குறைய 400 வகை ஏற்பிகள் இருக்கின்றன. பூவுக்கு ஒரு வாசல், சாக்கடைக்கு ஒரு வாசல் என்று அவை பிரிந்து நிற்பதில்லை. ஒரு மூலக்கூறு பல ஏற்பிகளைத் தட்டும், ஓர் ஏற்பி பல மூலக்கூறுகளுக்குத் திறக்கும். மல்லிகையின் மணத்தில் இண்டோல் என்றொரு சேர்மம் கலந்திருக்கிறது. மலத்தின் நாற்றத்திலும் அதே இண்டோல் உண்டு. கொஞ்சமாக இருந்தால் பூ, செறிந்தால் வேறு. இதைப் படித்த அன்று, ‘நாறும்’ என்பதை இரண்டுக்கும் பொதுவாக வைத்திருந்தவர்கள் மேல் எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்தது.

பொழுதும் வேலியும்

சங்கப் பாடல்களில் மணம் என்றாலே கூந்தல், காதல், வண்டு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தேடத் தேட, மிக நல்ல இடங்கள் அதற்கு வெளியே கிடைத்தன. நெடுநல்வாடையில் மழை ஓயவில்லை, வானம் மூடிக்கிடக்கிறது, பகலா மாலையா என்று தெரியவில்லை. பெண்கள் பூந்தட்டில் பிச்சியின் அரும்புகளைப் போட்டு வைத்திருக்கிறார்கள். ‘அவ்விதழ் அவிழ்பதம் கமழப் பொழுதறிந்து’ விளக்கேற்றுகிறார்கள். மொட்டு விரிந்து மணம் வந்தால் மாலை. சூரியனைப் பார்க்க முடியாத நாளில் மூக்கால் மணி பார்க்கிறார்கள். அந்தப் பாட்டில் அரசி துயிலின்றிக் காத்திருப்பதும் அரசன் பாசறையில் நள்ளிரவில் உலவுவதும் எனக்கு மறந்துபோனாலும், அந்தப் பூந்தட்டு மறக்காது.

நற்றிணையின் 45ஆம் பாடலில் மணம் ஒரு வேலி. கடற்கரைச் சிற்றூரின் பெண்ணைத் தேடிக் கொடி பறக்கும் பேரூரிலிருந்து தேரில் ஒருவன் வருகிறான். தோழி அவனைத் தடுக்கிறாள். அவள் பரதவர் மகள், நீ செல்வனின் மகன். சுறா அறுத்துக் காயப்போட்டுப் பறவை ஓட்டுகிற எங்களிடம் உனக்கென்ன வேலை? ‘புலவு நாறுதும், செலநின் றீமோ!’ எங்கள் மேல் மீன் நாறும், தள்ளி நில். அவன் மனத்தில் இருக்கக்கூடிய சொல்லை அவன் வாய்க்கு வருவதற்கு முன்னால் அவளே எடுத்து நட்டுவிடுகிறாள். பிறகு நிமிர்கிறாள். எங்கள் எளிய நல்ல வாழ்க்கை உங்களோடு ஒத்துப்போகாது, எங்களவரிலும் தலைமை உடையவர்கள் உண்டு என்று முடிக்கிறாள். ‘நாறுதும்’ என்ற தன்மைப் பன்மையில் வெட்கம் துளிகூட இல்லை. நான் அந்தப் பாட்டுக்கு உரைநடை எழுதியிருந்தால் ‘எங்கள் மேல் துர்நாற்றம் வீசும்’ என்று எழுதியிருப்பேன் என்பது உறைத்தபோது, என் தாளை மறுபடி எடுத்தேன்.

அந்தத் தலைக்குப் புலவு எங்கிருந்து வந்தது

ஒரு பாட்டைப் பலமுறை படித்தவர்கள் அதை முழுவதும் படித்ததாக நினைத்துக்கொள்வார்கள். நான் எத்தனை முறை படித்திருப்பேன் என்று கணக்கில்லை, ஆனால் மேலே இரண்டு அடி ஏறிப் பார்க்கத் தோன்றியதில்லை. நாறும் கைக்கும் நாறும் தலைக்கும் சற்று முன்னால் இருப்பவை இவை:

என்பொடு தடிபடு வழியெல்லாம் எமக்கீயும் மன்னே!
அம்பொடு வேல்நுழை வழியெல்லாம் தான்நிற்கும் மன்னே!

எலும்போடு தசை கிடைக்கும் இடத்திலெல்லாம் எங்களுக்குக் கொடுப்பான். அம்போடு வேல் நுழையும் இடத்திலெல்லாம் தான் நிற்பான். இதற்கு அடுத்துத்தான் நரந்தமும் புலவும் வருகின்றன. ஔவையின் தலையில் இருக்கும் புலவு அவளுடைய ஏழ்மையின் அடையாளம் என்று நான் கூட்டத்தில் பேசினேனே, அது இந்த அடிகளைப் படிக்காமல் பேசியது. புலவு அவன் கொடுத்தது. அவன் வீட்டு விருந்து அவள் மேல் ஒட்டியிருக்கிறது. அவன் தடவுவது ஓர் எளியவளின் அழுக்குத் தலையை அல்ல, தன்னோடு உண்டவளின் தலையை.

அடுத்தது இன்னும் தொல்லை கொடுத்தது. வேல் நுழையும் இடத்திலெல்லாம் நிற்பவனின் கையில் என்ன நாற வேண்டும்? புலவுதான். போர்க்களத்தையே ‘புலவுக்களம்’ என்கிறது புறநானூறு. ஆனால் அவன் கையில் நரந்தம் நாறுகிறது, பாடுபவளின் தலையில் புலவு நாறுகிறது. அடைகள் இடம் மாறியிருக்கின்றன. இது என் வாசிப்புதான், யாரையும் கட்டாயப்படுத்த மாட்டேன். எனக்கு இனி வேறு மாதிரிப் படிக்க வராது. வினைச்சொல் ஒன்றாக இருப்பதால்தான் இந்த இடமாற்றம் கண்ணில் படுகிறது. ‘மணக்கும்’, ‘நாறும்’ என்று பிரித்த கணத்தில் அவன் மேலே போய்விடுகிறான், அவள் கீழே போய்விடுகிறாள், நடுவில் கருணை வந்து உட்கார்ந்துகொள்கிறது. பாட்டில் கருணை இல்லை. ஒரு கையும் ஒரு தலையும் இருக்கின்றன, ஒவ்வொன்றும் தான் இருந்த இடத்தின் மணத்தோடு.

இதற்கு ஒரு துணையும் கிடைத்தது. புறநானூற்றின் 14ஆம் பாடல். சேரமான் செல்வக்கடுங்கோ வாழியாதன் கபிலரின் கையைப் பிடித்து, உங்கள் கை இவ்வளவு மென்மையாக இருக்கிறதே என்கிறான். யானையை அடக்கி, வில் வளைத்து, குதிரையின் கடிவாளம் இழுத்து, கேட்டவர்க்கு அள்ளிக் கொடுத்து உன் கை வன்மையாயிற்று என்கிறார் கபிலர். உன்னைப் பாடுபவர்களின் கைக்கு உண்பதைத் தவிர வேறு வேலையே தெரியாது, அதனால் மென்மையாக இருக்கிறது. அந்த உணவைச் சொல்கிற இடம் இது: ‘புலவு நாற்றத்த பைந்தடி பூநாற்றத்த புகைகொளீஇ.’ புலவு நாறும் தசையில் பூ நாறும் புகை ஏறியிருக்கிறது. ஒரே மூச்சில் இரண்டு நாற்றம், மறுபடியும் ஓர் அரசனின் கை, ஒரு புலவரின் உடல். கபிலர் சிரித்துக்கொண்டே பாடுகிறார், கையைப் பிடித்தவன் எதிரில் இருக்கிறான். ஔவை பாடும்போது தொட்ட கை எரிந்து போய்விட்டது.

‘தைவரும்’ என்ற சொல்லிலும் கொஞ்சம் நின்றேன். தடவும் என்பதோடு போய்விடலாம். ஆனால் தைவரல் என்பது யாழிசையிலும் வரும் சொல். சிலப்பதிகாரத்தின் கானல்வரியில் யாழ் மீட்டும் கைத்தொழில்களின் வரிசையில் இருக்கிறது, நரம்பை வருடிச் சுருதி பார்ப்பது. பாணர்களோடு திரிந்த ஒருத்தியின் தலைமேல் அந்தச் சொல் தற்செயலாக வந்து விழுந்ததா என்று எனக்குத் தெரியாது. விழுந்திருக்கிறது.

திருத்திய தாள்

அடுத்த கூட்டத்துக்கு என் முறை இல்லாவிட்டாலும் திருத்திய தாளோடு போனேன். ‘நரந்தம் நாறும் தன் கையால், புலவு நாறும் என் தலையைத் தடவிக் கொடுப்பான்.’ மூலத்துக்கும் உரைநடைக்கும் நடுவே பெரிய வித்தியாசம் இல்லாமல் போய்விட்டது. இதற்கு ஏன் உரைநடை என்று ஒருவர் கேட்டார், நியாயமான கேள்விதான். இன்னொருவர், அரசன் கை நாறும் என்பதைப் படித்ததும் சிரிப்பு வருகிறதே என்றார். வரட்டும் என்றேன். சிரித்து முடித்தபின் அந்தச் சொல் என்ன செய்கிறது என்று பார்க்கலாம். கேள்வி கேட்ட அம்மா அன்றைக்கு வரவில்லை. அவருக்கு ஒரு பிரதியை எடுத்து வைத்திருக்கிறேன்.

அதைக் கொடுப்பதற்கு முன் இன்னும் ஓர் இடத்தைச் சரிசெய்ய வேண்டியிருக்கிறது. பாட்டின் கடைசியில் மறுபடி ஒரு பூ வருகிறது. ‘பனித்துறைப் பகன்றை நறைக்கொள் மாமலர் சூடாது வைகியாங்கு’, பிறர்க்கு ஒன்றும் கொடுக்காமல் மடிகிற உயிர்கள் மிகப் பல என்று முடிக்கிறாள். குளிர்ந்த துறையில் பகன்றை பூத்திருக்கிறது, யாரும் சூடவில்லை. அந்த ‘நறை’யைத் தேன் என்றும் எழுதலாம், மணம் என்றும் எழுதலாம். முதல் தாளில் யோசிக்காமல் தேன் என்று போட்டிருந்தேன். நாறும் கையும் நாறும் தலையும் போனபின் வருகிற பூவாயிற்றே, மணமாக இருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. தேனாகவும் இருக்கலாம். பிரதியில் அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். அந்த அம்மா வந்ததும் கேட்க வேண்டும்.